தொண்ணூற்றொன்றும் இருபத்தெட்டும்

சேனாபதியிடம் எதையும் காட்டி ‘எப்படி இருக்கு?’ என்று கேட்கக் கூடாது. நான் கேட்டேன். நியூ ஜெர்சியில், மான்மவுத் ஜங்ஷன் என்கிற ஊரில் நாங்கள் வீடு வாங்கிப் பால் காய்ச்சிய அன்று, வந்தவர்கள் எல்லாம் கிச்சன் கல்லைத் தடவிப் பார்த்து ‘சூப்பர் சார்’ என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். இவன் மட்டும் பேஸ்மென்ட்டுக்குப் போய்விட்டுப் பத்து நிமிடம் கழித்து மேலே வந்தான். “ராமுண்ணா, வடக்குச் சுவத்துல ஈரம் இருக்குதுங்க. பெரிய மழை பேஞ்சா தண்ணி உள்ள வரும்” என்றான், எல்லோர் காதிலும் விழும்படி. என் மனைவி ஷ்யாமளாவின் முகம் போன போக்கு இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அந்த ஆகஸ்டிலேயே தண்ணீர் வந்தது. அதற்கும் சேர்த்து அவன் மேல் எனக்குக் கோபம்தான்.

கோபிச்செட்டிபாளையத்துக்காரன். பார்சிப்பனியில் ஒரு மருந்து கம்பெனியில் வேலிடேஷன் வேலை. மருந்து தயாரிக்கும் மெஷின்களை ஓட்டும் சாஃப்ட்வேர் சொன்னபடி வேலை செய்கிறதா என்று சோதித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். பத்தொன்பது வருடமாக அதே நாற்காலி. கையெழுத்துப் போட்டதைவிடப் போட மறுத்ததற்குத்தான் அவனுக்கு அங்கே பேர். தினமும் காலையில் நாற்பத்தைந்து மைல் டிரைவ் பண்ணிப் போய், ‘இல்லை, இது சரியில்லை’ என்று சொல்லிவிட்டு, மறுபடி நாற்பத்தைந்து மைல் டிரைவ் பண்ணித் திரும்பி வருவான்.

எங்கள் சிநேகம் தமிழ்ப் பள்ளியில் வளர்ந்தது. சனிக்கிழமை காலை பிள்ளைகள் வகுப்பறையில் ஆத்திசூடி படிக்கும்போது, அப்பாக்கள் நாங்கள் அந்தப் பள்ளிக்கூடத்து கஃபடேரியாவில் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருப்போம். கிரீன் கார்டு, வீட்டுக் கூரை, மின்சாரக் கார் என்று பேசிப் பேசி அலுத்துப் போயிருந்த காலத்தில், சேனாபதி ஒருநாள் லேப்டாப்பில் ஒரு பேஸ்பால் கேமைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஏழாம் வகுப்பில் இருந்த அவன் மகள் ஓவியா, பேஸ்பாலின் தங்கையான சாஃப்ட்பாலில் சேர்ந்திருந்தாள். மைதானத்தில் என்ன நடக்கிறது என்றே அவனுக்குப் புரியவில்லை. குழந்தையைக் கேட்டுத் தொந்தரவு செய்ய வேண்டாமென்று கேமை வாங்கி, அதை வைத்துப் படித்துக்கொண்டிருந்தான். தோளுக்கு மேலே எட்டிப் பார்த்த நாங்கள், அவனையும் சேர்த்து எட்டுப் பேரும், இரண்டே மாதத்தில் எட்டு டீமுக்கு முதலாளிகள் ஆகிவிட்டோம்.

அந்தக் கேமில் நாம் பந்தை அடிக்க வேண்டியதில்லை. ஆட்களைத் தேர்ந்தெடுத்து, யார் எங்கே நிற்பது என்று எழுதிக் கொடுத்தால் போதும். ஒரு சீசனின் நூற்று அறுபத்திரண்டு மேட்சையும் கம்ப்யூட்டரே ஆடும். செப்டம்பரில் பள்ளி திறக்கும்போது ஆரம்பித்து, சனிக்கிழமைக்குக் கொஞ்சமாக ஜூனில் முடிப்போம். எல்லோரிலும் வயதில் மூத்தவன் என்பதால் என்னைக் கமிஷனர் ஆக்கினார்கள். கமிஷனர் என்றால் பாஸ்வேர்டு என்னிடம் இருக்கும் என்று மட்டும் அர்த்தம்.

எங்கள் எட்டு டீம் லீகில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு டீமிலும் ஒரு ஆட்டக்காரருக்கு நம் பிள்ளையின் பெயரை வைக்கலாம். அந்த ஆளுக்கு அடிப்பதில் நூற்றுக்கு எவ்வளவு, தடுப்பதில் எவ்வளவு என்று அப்பாவே போட்டுக்கொள்ளலாம். நியூ ஜெர்சித் தமிழ் அப்பாக்களிடம் இந்த அதிகாரத்தைக் கொடுத்தால் என்ன ஆகும்? ஸ்ரீநிவாஸின் மகன் ஆர்யன் மின்னல் வேகத்தில் பந்து வீசினான். நிஜத்தில் அவனுக்குக் காலையில் எழுப்பினால் எழுந்திருக்கவே வராது. என் மகன் மாதவ் போன சீசனில் நாற்பத்தோரு ஹோம் ரன், அதாவது பேஸ்பால் சிக்ஸர், அடித்தான். மாதவ் வயோலா வாசிக்கிறவன். பேட்டைக் கொடுத்தால் எந்தப் பக்கம் பிடிப்பதென்று யோசிப்பான். கூச்சமே இல்லாமல் நான் அவனுக்குத் தொண்ணூற்று மூன்று போட்டிருந்தேன்.

சேனாபதி தன் மகளுக்குப் போட்டது: தடுப்பதில் தொண்ணூற்றொன்று, அடிப்பதில் இருபத்தெட்டு.

ஓவியா நிஜத்திலும் கேட்சர்தான். கிரிக்கெட்டின் விக்கெட் கீப்பர் மாதிரி, பேட்டருக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு பந்தையும் வாங்க வேண்டும். எந்தப் பந்தை வீசுவது என்று பௌலருக்கு விரலால் சைகை காட்டுவதும் கேட்சர்தான். எதிரி ஓடப் பார்த்தால் அவரைத் தடுக்க எறிவதும் அவர்தான். ஓவியா அதில் கெட்டிக்காரி என்று எல்லோருக்கும் தெரியும். பேட்டைத் தூக்கினால் மட்டும் பந்து அவளைக் கண்டுகொள்ளாது.

“யோவ், உன் பொண்ணுய்யா. ஒரு அறுபதாவது போடேன்” என்றேன் செப்டம்பரில்.

“இல்லாதத எப்படிங்கண்ணா எழுதறது?” என்றான். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இந்த மார்ச் மாதம் பிரச்சினை வந்தது. சேனாபதியின் டீம் இரண்டாவது இடத்தில் இருந்தது. ஸ்ரீநிவாஸிடம் பாக்ஸ்டர் என்று ஒரு கேட்சர் உபரியாக இருந்தான். கம்ப்யூட்டர் உருவாக்கிய ஆள். தடுப்பதில் ஓட்டைச் சல்லடை, ஆனால் அடித்தால் பந்து பார்க்கிங் லாட்டில் போய் விழும். அவனைக் கொடுத்துவிட்டு ஓவியாவை வாங்கிக்கொள்கிறேன் என்றான் ஸ்ரீநிவாஸ். அவனுக்குத் தடுக்கிற ஆள் தேவைப்பட்டது. சேனாபதி லீகை அப்படியே ஒரு காப்பி எடுத்து, ஓவியாவை வைத்து ஐம்பது முழு சீசன், பாக்ஸ்டரை வைத்து ஐம்பது முழு சீசன் என்று ஓடவிட்டுப் பார்த்தான். ஆபீஸில் செய்வதைத்தான் இங்கேயும் செய்தான்.

மார்ச் முதல் சனிக்கிழமை கஃபடேரியாவில் ரிசல்ட்டைச் சொன்னான். “ஓவியா இருந்தா சராசரி எம்பத்தி நாலு ஜெயம். பாக்ஸ்டர் இருந்தா எம்பத்தி ஏழு. மூணு வித்தியாசம் வருதுங்க.”

“அப்புறம் என்னப்பா யோசனை?” ஸ்ரீநிவாஸ் மேஜையைத் தட்டினான். அவனுக்கு எதையும் மெதுவாகச் சொல்ல வராது. “அடிக்கவே தெரியாத பொண்ண வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற? ஓவியாவ தள்ளிவிடு!”

“ஆமாங்க. அடிக்கறதுல சுமார்தான். இருபத்தெட்டுதான் போட்டிருக்கறேன். அடுத்த வாரம் மாத்திக்கலாங்க” என்றான் சேனாபதி.

அப்போதுதான் நான் கதவுப் பக்கம் பார்த்தேன். ஓவியா நின்றுகொண்டிருந்தாள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் வாலன்டியர் மணிக்கணக்குக்காகச் சின்ன வகுப்புகளுக்கு உதவ வருவார்கள். கையில் வருகைப் பதிவேட்டோடு ஜெராக்ஸ் எடுக்க வந்திருக்கிறாள். அவள் அப்பா கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்தாள், திரும்பிப் போய்விட்டாள்.

வாராவாரம் பிள்ளைகளுக்குத் தமிழ் வர வேண்டுமென்று கார் ஓட்டிக்கொண்டு வருகிறோம். வந்து உட்கார்ந்து, அவர்களுக்குத் தமிழே புரியாது என்கிற தைரியத்தில் வாய்க்கு வந்ததைப் பேசுகிறோம். அவர்கள் இங்கிலீஷில் பதில் சொல்வதால் வந்த வினை. நான் சேனாபதியிடம் ஒன்றும் சொல்லவில்லை. குழந்தை விளையாட்டுக்கு எடுத்துக்கொண்டிருப்பாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

வியாழக்கிழமை சேனாபதியின் மனைவி நாகமணி, ஷ்யாமளாவுக்கு போன் பண்ணினாள். வரும் திங்கட்கிழமை ஹைஸ்கூலின் மெயின் டீமான வார்சிட்டிக்கு ஆள் எடுக்கிறார்கள். கேட்சர் இடத்துக்கு ஓவியாவும், நன்றாக அடிக்கக்கூடிய இன்னொரு பெண்ணும் போட்டி. ஓவியா போகப் போவதில்லை என்கிறாளாம். சாஃப்ட்பாலையே விட்டுவிட்டு ரோபாட்டிக்ஸ் சேரப் போகிறாளாம்.

“ரோபாட்டிக்ஸ் சேருன்னு ரெண்டு வருசமா நாந்தாங்க்கா கத்திட்டிருந்தேன்” என்றாள் நாகமணி, ஸ்பீக்கரில். “இப்ப சேர்றேங்கறா, எனக்கு சந்தோசமே இல்ல. கிளவுஸ எடுத்துட்டுப் போயி கராஜ்ல பழைய டப்பாக்குள்ள போட்டுட்டா. கேட்டா ஒண்ணுமில்லேங்கறா. அவங்கப்பாகூடப் பேசறதே இல்ல.”

போனை வைத்ததும் நான் சனிக்கிழமை நடந்ததை ஷ்யாமளாவிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

“பாத்துட்டு வாய மூடிண்டு வந்தீங்களா? நீங்க எதுக்குக் கமிஷனர்?” என்றாள். அதற்கு மேலும் சொன்னாள். அதையெல்லாம் எழுத வேண்டியதில்லை.

எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தில் மனுஷனுக்கு வரும் யோசனை பெரும்பாலும் முட்டாள் யோசனையாகத்தான் இருக்கும். பாஸ்வேர்டு என்னிடம்தானே இருக்கிறது? கேமைத் திறந்து ஓவியாவின் பக்கத்துக்குப் போய் இருபத்தெட்டை அழித்தேன். எழுபத்தைந்து போட்டேன். வெள்ளிக்கிழமை சாயந்திரம் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். சேனாபதி இன்னும் ஆபீஸிலிருந்து வந்திருக்கவில்லை. ஓவியா டைனிங் டேபிளில் ஹோம்வொர்க் செய்துகொண்டிருந்தாள்.

“ஓவியா, அன்னிக்கு அங்கிள்ஸ் சும்மா கிண்டல் பண்ணிட்டிருந்தோம்மா. இங்க பாரு, அப்பா உனக்கு எவ்வளவு போட்டிருக்கார்னு” என்று திரையைத் திருப்பிக் காட்டினேன். பொய் எனக்கு எவ்வளவு சரளமாக வந்தது என்று இப்போது நினைத்தாலும் ஆச்சரியமாக இருக்கிறது.

அவள் பார்த்தாள். பிறகு இங்கிலீஷில் கேட்டாள். அவள் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். “அங்கிள், இத நீங்கதானே மாத்தினீங்க?”

நான் திரையை மறுபடி என் பக்கம் திருப்பினேன்.

“எழுபத்தஞ்சு எல்லாம் நான் அடிக்க மாட்டேன். அது எனக்கே தெரியும். இருபத்தெட்டுதான் சரி.” குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அதற்கப்புறம்தான் உடைந்தது. “அப்ப அந்தத் தொண்ணூத்தொண்ணு? அதுவும் இப்படித்தானே? அடிக்கத் தெரியாதுன்னு பாவப்பட்டு, இன்னொண்ணுல ஏத்திப் போட்டது. எல்லா அப்பாவும் பண்றதுதானே? ஆர்யன் ஃபாஸ்ட் பௌலராம்!”

அவளுக்கு வலித்தது இருபத்தெட்டினால் இல்லை. தனக்கு இருக்கிற ஒரே திறமையும் அப்பா போட்ட பிச்சையோ என்று ஆறு நாட்களாக நினைத்திருக்கிறாள். அந்த நினைப்புக்கு நான் போட்ட எழுபத்தைந்து அத்தாட்சி ஆகிவிட்டது. உதவி செய்யப் போய் உபத்திரவம் செய்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த நேரத்தில் கராஜ் கதவு திறந்தது. சேனாபதி லஞ்ச் பையோடு உள்ளே வந்தான், “டூ எய்ட்டி செவன்ல ஒரே டிராஃபிக்குங்கண்ணா” என்று ஆரம்பித்தான், திரையைப் பார்த்தான், நின்றுவிட்டான்.

“யாருங்க இத மாத்துனது?”

அவன் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரே முறைதான். சத்தம் போடவில்லை. என் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்து, நின்றபடியே எழுபத்தைந்தை அழித்துவிட்டு இருபத்தெட்டைப் போட்டான். போட்டுவிட்டுத்தான் லஞ்ச் பையைக் கீழே வைத்தான்.

“அப்பா,” என்றாள் ஓவியா. “தொண்ணூத்தொண்ணு எங்கிருந்து வந்துச்சு?” இதைத் தமிழிலேயே கேட்டாள்.

“எங்கிருந்து வந்துச்சுன்னா? பந்துல இருந்துதான் கண்ணு.”

மாடிக்குப் போய் ஒரு நீள நோட்டைக் கொண்டுவந்தான். போன வருடம் அவள் ஜூனியர் டீமில் ஆடிய பதினெட்டு மேட்சுக்கும் பதினெட்டுப் பக்கம். தேதி, எதிர் டீம், மைதானம் ஈரமா காய்ந்ததா என்று மேலே எழுதியிருந்தது. கீழே கோடுகள். பேட்டர் வரைக்கும் வராமல் மண்ணில் குத்தி எழும் பந்துகளைத்தான் கேட்சர் தடுப்பது கஷ்டமாம். அவற்றை மட்டும் தனியாகக் குறித்திருந்தான். தடுத்தால் ஒரு கோடு, தாண்டிப் போனால் ஒரு வட்டம். வட்டத்துக்குப் பக்கத்தில் குறிப்பு: ‘இடது முழங்காலுக்கு அடியில்’, ‘வெயில் கண்ணில்’, ‘யாராலும் முடியாது’. கடைசிப் பக்கத்தில் கூட்டல். மண்ணில் குத்தியவை இருநூற்றுப் பன்னிரண்டு. தடுத்தவை நூற்றுத் தொண்ணூற்று மூன்று. சதவீதம் 91.04. அதற்குக் கீழேயே பேட்டிங். எழுபத்தைந்து தடவை ஆட வந்து, அவுட் ஆகாமல் எப்படியாவது முதல் பேஸுக்குப் போய்ச் சேர்ந்தது இருபத்தோரு தடவை. 28.00.

ஓவியா ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள். மற்ற அப்பா அம்மாக்கள் மைதானத்தில் தொண்டை கிழியக் கத்துவார்கள். இவன் ஒரு மடக்கு நாற்காலியில் குனிந்து உட்கார்ந்து எதையோ எழுதிக்கொண்டிருப்பான். நானே ஒருமுறை பார்த்திருக்கிறேன், ஆபீஸ் வேலை என்றுதான் நினைத்தேன்.

“நீங்க வேலை பண்றீங்கன்னு நெனச்சேன்” என்றாள்.

“பந்தாடற எடத்துல வந்து ஆபீஸ் வேலைய எதுக்குக் கண்ணு பாக்கறேன்?” அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான்: “சனிக்கிழம நான் பேசுனது உனக்குக் கேட்டுருச்சா? அடிக்கறதுல சுமார்னு சொன்னது நெசந்தான். அதுக்காக நீ வேண்டாம்னு சொல்லல.”

ஓவியா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “வேற ஒருத்தர மாத்தறேன்னு சொன்னீங்களே” என்றாள்.

“அது கேம்ல. டெஸ்ட் பண்ணிப் பாத்தேன், மூணு ஜெயம் கொறையுது.”

“காட்டுங்க.”

காட்டினான். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பட்டியலை மேலிருந்து கீழே படித்தாள். திடீரென்று சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு நிற்கவே இல்லை. “அப்பா! நூத்தி அறுபத்திரெண்டு மேட்சும் நானே கேட்ச் பண்றேனா? ஒரு நாள்கூட லீவு இல்லாம?”

“பின்ன? கீப்பருக்கு எதுக்குங் கண்ணு லீவு?”

நானும் அதையேதான் கேட்டிருப்பேன். எங்கள் எட்டுப் பேருக்கும் கிரிக்கெட்தான் தெரியும். விக்கெட் கீப்பர் என்றால் விரலில் பிளாஸ்டரைச் சுற்றிக்கொண்டாவது எல்லா மேட்சும் ஆடுவார். ஆறு மாதம் தினமும் மேட்ச் என்றால் என்ன ஆகும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. நான்கு வருடமாக எட்டு டீமின் கேட்சர்களும் ஒரு நாள் ஓய்வில்லாமல் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஓவியா எழுந்து நின்று முழங்காலைத் தொட்டுக் காட்டினாள். “ஒரு நாள்ல ரெண்டு மேட்ச் ஆடினாலே மாடிப்படி ஏற முடியாது. கால் போனா தடுக்கறதுதான் முதல்ல போகும். அடிக்கறவங்களுக்கு அவ்வளவு தெரியாது. நிஜத்துல யாரையும் தினமும் உக்கார வைக்க மாட்டாங்க.” கேமில் ஒரு மூலையில் களைப்பு என்று ஒரு எண் இருந்தது. அவள் பெயருக்கு எதிரே அது கேம் காலண்டரின் ஜூலையிலிருந்து சிவப்பாக இருந்தது.

சேனாபதி அந்தச் சிவப்பை வெகு நேரம் பார்த்தான். “டெஸ்டே தப்புங்கண்ணா” என்றான் என்னிடம். அவன் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வரும் என்று பார்சிப்பனியில் யாராவது சொன்னால் நம்ப மாட்டார்கள்.

அப்பாவும் மகளுமாகத் திரும்ப ஓடவிட்டார்கள். ஐந்து நாளைக்கு ஒரு நாள் ஓய்வு. நியாயமாக இருக்க வேண்டுமென்று பாக்ஸ்டருக்கும் அதே ஓய்வைக் கொடுத்தது ஓவியாதான். சேனாபதியின் பெண்தான் அவள், சந்தேகமில்லை. நாகமணி கோதுமை தோசை போட்டுப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் ஐந்து தோசை தின்றேன், கிளம்பும்படி யாரும் சொல்லாததால். நூறு சீசனும் முடிந்தபோது ஓவியாவோடு 87.4, பாக்ஸ்டரோடு 87.9.

“அப்படியும் அவன்தான் கூட” என்றாள் ஓவியா.

“அர ஜெயங்கறது கணக்கே இல்ல கண்ணு. இன்னொரு தடவ ஓட்டுனா மாறிப் போயிரும். ரெண்டும் சமம்.” சேனாபதி லேப்டாப்பை மூடினான். “மாத்தறதுக்கு ஆதாரம் இல்லேன்னா மாத்தக் கூடாது. எங்க ஆபீஸ்ல அதான் ரூல்.”

மறுநாள் கஃபடேரியாவில் ஸ்ரீநிவாஸிடம் இதையே சொன்னான். ஸ்ரீநிவாஸுக்குக் கோபம். ஆனாலும் வீட்டுக்குப் போய் முதல் வேலையாகத் தன் கேட்சருக்கு லீவு கொடுத்தான். ஒரே வாரத்தில் எட்டு டீமிலும் கேட்சர்கள் ஓய்வெடுத்தார்கள்.

திங்கட்கிழமை காலை ஓவியா கராஜில் டப்பாவைத் திறந்து கிளவுஸை எடுத்துக்கொண்டாளாம். காரில் போகும்போது, “எனக்கு எவ்வளவு சான்ஸ் இருக்கு?” என்று அப்பாவைக் கேட்டிருக்கிறாள். ‘உனக்குத்தான் கிடைக்கும் கண்ணு’ என்று சொல்ல உலகத்தில் உள்ள எல்லா அப்பாவுக்கும் நாக்கு துடிக்கும். இவன் ஒரு சிக்னல் முழுக்க யோசித்துவிட்டு, “நாப்பது சதவீதம்” என்றானாம். “ஓகே” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போயிருக்கிறாள்.

முதல் இடம் அந்த இன்னொரு பெண்ணுக்குத்தான் கிடைத்தது. ஓவியாவை இரண்டாவது கேட்சராக வார்சிட்டியில் எடுத்துக்கொண்டார்கள். வாரத்துக்கு இரண்டு மேட்ச். சேனாபதி மடக்கு நாற்காலியும் புது நோட்டுமாகப் போய்வந்தான். ஜூனில் எங்கள் லீக் முடிந்தபோது அவன் டீம் ஒரே ஒரு ஜெயம் குறைந்து இரண்டாவது இடம். “பாக்ஸ்டர எடுத்திருந்தா கப்பு உனக்குத்தான்” என்றான் ஸ்ரீநிவாஸ். “இருக்கலாங்க” என்றான் சேனாபதி.

செப்டம்பரில் பள்ளி திறந்தது. பிள்ளைகளின் எண்களைப் புதுப்பிக்கும் நாள். நான் மாதவின் பக்கத்தைத் திறந்து தொண்ணூற்று மூன்றைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அவனுடைய ஆர்கெஸ்ட்ராவில், திறமைப்படி உட்கார வைக்கும் வரிசையில், அவன் எத்தனையாவது நாற்காலியில் உட்காருகிறான் என்று யோசித்தேன். தெரியவில்லை. சேனாபதி மேல் பொறாமையாக இருந்தது, அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

எதிரே சேனாபதி நோட்டைப் பிரித்து வைத்து டைப் பண்ணிக்கொண்டிருந்தான். ஓவியா பதிவேட்டோடு வந்து, இந்த முறை கதவில் நிற்காமல், நேராக அவன் பின்னால் வந்து நின்றாள்.

“ஐம்பத்திரெண்டு தடவைக்குப் பதினாறு. முப்பது புள்ளி ஏழு ஏழு வருது. கேம்ல புள்ளி போட எடமில்ல” என்றான் சேனாபதி, ஏதோ தப்புச் செய்கிறவன் மாதிரி. “முப்பத்தொண்ணு போட்டிருக்கறேன். புள்ளிக்கப்புறம் அஞ்சுக்கு மேல போனா ஏத்தலாம், ரூல்தான்.”

ஓவியா குனிந்து திரையைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, கஃபடேரியாவில் இருந்த எல்லா அப்பாக்களுக்கும், தூரத்தில் காபி மெஷினிடம் நின்ற ஸ்ரீநிவாஸுக்கும்கூடக் கேட்கும்படி தமிழில் சொன்னாள்:

“அங்கிள்! எங்கப்பா எனக்கு முப்பத்தொண்ணு போட்டிருக்கார்!”